சுகாதார அமைச்சரை நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வைப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒருவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்க வேண்டும். எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் இயந்திரம் பழுதாகிக் கிடந்தபோது, யாரைக் கேட்டாலும் ‘மேலே எழுதியிருக்கிறோம்’ என்ற பதில்தான் கிடைத்தது. அந்த ‘மேலே’ எங்கே போய் முடிகிறது என்று தேடிப் போனபோதுதான் நாடாளுமன்றக் கேள்வி என்ற வழி தெரியவந்தது. ஓர் எம்.பி. முறைப்படி கேட்ட கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால், குறித்த நாளில் அமைச்சர் பதில் தந்தாக வேண்டும். அது அமைச்சரின் பெயரில் அவைப் பதிவில் ஏறும். தெரிந்தே தவறான தகவல் தந்தால் நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினையாகும். குறைதீர் மனுவுக்கு வரும் பதிலுக்கு இந்தக் கனம் கிடையாது.

ஆனால் ஒரு சாதாரண ஆள் இதை எப்படிச் செய்வது என்று முழுதாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டுத் தகவல்தான் கிடைத்தது. அலைந்து சேர்த்த துண்டுகளை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அவசரத்துக்கு உதவும் வழி இல்லை. தொடக்கம் முதல் பதில் வரை இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்றைக்கே ஒருவருக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் 104 எண்ணை அழையுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அதே பிரச்சினை மறுபடி மறுபடி வருகிறது, பலரையும் பாதிக்கிறது என்றால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

1. இது எந்த அமைச்சரின் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேயே விழுந்துவிடுகின்றன. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ‘எங்கள் தாலுகா மருத்துவமனையில் டாக்டர் இல்லை’ என்று டெல்லியில் கேட்டால், அது மாநில அரசின் விஷயம் என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடும். அல்லது கேள்வியே ஏற்கப்படாது.

டாக்டர், நர்ஸ் பணியிடங்கள், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் மருந்து, மாவட்ட மருத்துவமனையின் அன்றாட நிர்வாகம் ஆகியவற்றுக்கு மாநிலத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர்தான் பொறுப்பு. அவரைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அதற்கு உங்கள் எம்.எல்.ஏ.விடம் போங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தின்போது துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மத்திய அமைச்சரிடம் கேட்கக்கூடியவை: ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்கள், செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம், மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம், காசநோய் ஒழிப்புத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் பிரதமர் காப்பீட்டுத் திட்டம், மருத்துவக் கல்வி இடங்கள். இவற்றோடு மிக முக்கியமானது தேசிய நலவாழ்வு இயக்கம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதன் செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது. டயாலிசிஸ், 108 ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம் எனப் பலவற்றில் இந்த நிதியின் பங்கு இருக்கிறது. மாநில விஷயம் என்று ஒதுக்கப்படும் பிரச்சினையையும் இந்த நிதி வழியாக டெல்லியில் கேட்க முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 3ஆம் படியில் தேவைப்படும்.

பெயரில் ‘மருத்துவம்’ இருந்தாலும் வேறு அமைச்சகத்தைச் சேர்ந்தவையும் உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொழிலாளர் அமைச்சகத்துடையது. மருந்து விலைக் கட்டுப்பாடும் மக்கள் மருந்தகமும் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தில் உள்ளன. ரயில்வே மருத்துவமனை ரயில்வேயிடம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பாதுகாப்பு அமைச்சகத்திடம், தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆயுஷ் அமைச்சகத்திடம். தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு வேறு நாளுக்குத் தள்ளிப்போகும். கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் அப்படி நடந்தால் அதோடு போயிற்று.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

வெறும் குறையோடு போனால் எம்.பி. அலுவலகம் அதைப் பரிந்துரைக் கடிதமாக மாற்றி அனுப்பிவிடும். கேள்வியாக வேண்டுமென்றால் கையில் தாள் இருக்க வேண்டும்.

முதல் தாள், உங்கள் மாநிலத்துக்கான நலவாழ்வு இயக்க நிதி ஒப்புதல் ஆவணம். ஒவ்வொரு மாநிலமும் திட்ட அறிக்கை அனுப்பும்; மத்திய அமைச்சகம் எதற்கு எவ்வளவு என்று இனவாரியாக ஒப்புதல் தரும். அது இயக்கத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாகக் கிடைக்கிறது. நீளமான ஆவணம்தான். முழுதும் படிக்க வேண்டாம், உங்கள் சேவையின் பெயரைத் தேடி அந்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டப்படி வாங்கும் தகவல். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மத்திய அமைச்சகம் என்றால் இணையத்திலேயே கட்டலாம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். பதிலுக்கு 30 நாள். ‘ஏன் இயந்திரம் ஓடவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பழுதுப் பதிவேட்டின் நகல், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், வாங்கிய தேதி, கடைசியாகப் பழுது பார்த்த தேதி என்று இருக்கிற காகிதத்தையே கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.

மூன்றாவது, இதே விஷயத்தில் ஏற்கெனவே வந்த பதில்கள். ‘சன்சத் டாட் இன்’ தளத்தில் இரு அவைகளின் கேள்வி பதில்களும் உள்ளன. அமைச்சகத்தைத் தேர்ந்து ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம். இதைத் தவிர்க்கவே கூடாது. முன்பு பதில் வந்த கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டால் விதிப்படி ஏற்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், பழைய பதிலில் ஒரு எண்ணோ வாக்குறுதியோ இருந்தால் உங்கள் கேள்வி அங்கிருந்தே தொடங்கலாம்.

3. கேள்வியை எழுதுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். முழுப் பலனும் இந்த 150 சொற்களில்தான் இருக்கிறது. ஆம், மக்களவையில் 150 சொற்கள்தான் வரம்பு. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கூடாது. தனிநபர் பெயர் வேண்டாம். நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடக் கூடாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும் என்பதால் தமிழ் வரைவோடு ஆங்கில வரைவையும் சேர்த்தே கொடுங்கள். மொழிபெயர்க்க யாரும் உட்கார மாட்டார்கள்.

வழக்கமான அமைப்பு (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிவாக இருக்கும். பழைய கேள்விகளைப் படித்தால் ஒரு சிக்கல் கண்ணில் படும். ‘(அ) இயந்திரங்கள் பழுதாகி நோயாளிகள் அவதிப்படுவது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமெனில் விவரம் என்ன? (இ) எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று கேட்கிறார்கள். இதற்கு (அ) ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் பதில் வரும். (ஆ) முதல் (இ) வரை ‘கேள்வி எழவில்லை’ என்று வரும். எல்லாப் பிரிவுகளையும் முதல் பிரிவில் தொங்கவிட்டால் ஒரே வெட்டில் அத்தனையும் போய்விடும். ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும்.

அடுத்தது, ‘மாநிலங்கள் தெரிவிக்கவில்லை’ என்ற பதில். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றிய கேள்விக்கு, அப்போதைய சுகாதார இணை அமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்தில் பதில் தந்தார். சுகாதாரம் மாநில விஷயம். மாநிலங்கள் மரண எண்ணிக்கையை அனுப்புகின்றன. ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் சிலிண்டருக்காக ஓடியவர்களுக்கு இந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை. கேள்வியை எழுதுபவர் இந்தப் பதிலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘எத்தனை பேர்’ என்று மட்டும் நிறுத்தாமல், அந்தத் தகவலைத் திரட்ட அமைச்சகம் மாநிலங்களுக்கு எந்தத் தேதியில் எழுதியது, எந்தப் படிவத்தில் கேட்டது, எந்தெந்த மாநிலங்கள் பதில் தந்தன என்றும் கேளுங்கள். அமைச்சகம் கடிதம் எழுதியதா இல்லையா என்பது அமைச்சரின் சொந்தக் காரியம். அதற்கு மாநிலத்தைக் கை காட்ட முடியாது.

டயாலிசிஸுக்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் விஷயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

(அ) பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் தந்த தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, ஆண்டுவாரியாக;

(ஆ) மாநிலம் கடைசியாக அளித்த அறிக்கையின்படி மாவட்டவாரியாக உள்ள இயந்திரங்கள், அவற்றில் இயங்குபவை, அந்த அறிக்கையின் தேதி;

(இ) மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்ற நலவாழ்வு இயக்க அளவுகோல் நிறைவேறுகிறதா என்று அமைச்சகம் எப்படிக் கண்காணிக்கிறது, கடைசியாக எப்போது ஆய்வு செய்தது;

(ஈ) அளவுகோலை எட்டாத இடங்களுக்கு அமைச்சகம் விதித்த காலக்கெடு.

(இ) பிரிவைக் கவனியுங்கள். நலவாழ்வு இயக்கத்தின் கருவிப் பராமரிப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைக்கு 95, சமுதாய சுகாதார நிலையத்துக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 80 சதவீதம் என்று அளவு வைத்திருக்கிறது. உங்கள் ஊர் இயந்திரம் மாநிலத்தின் பொறுப்பாக இருக்கலாம். அந்த அளவுகோலை வைத்தவர் மத்திய அமைச்சர். எந்தச் சேவையானாலும் இப்படி ஒரு மத்திய அளவுகோலையோ மத்திய நிதியையோ கண்டுபிடித்துக் கேள்வியை அதில் கட்டுங்கள்.

பத்து வருடக் கணக்கு, நாடு முழுக்க மருத்துவமனைவாரிப் பட்டியல் என்று விரித்துவிடாதீர்கள். ‘தகவல் மத்தியில் பராமரிக்கப்படவில்லை’ என்று சொல்ல அதுவே வசதியாகிவிடும்.

4. எம்.பி.யிடம் கொண்டுபோங்கள்

உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று விதி இல்லை. தமிழ்நாட்டில் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அமைச்சராக இருப்பவரை விட்டுவிடுங்கள், அவர் கேள்வி கேட்க முடியாது. முன்பு சுகாதாரக் கேள்விகள் கேட்டவர் யார் என்று சன்சத் தளத்தில் பார்த்து அவரை அணுகுவது நல்லது. இரண்டு மூன்று பேரிடம், இரு அவைகளிலும், ஒரே நேரத்தில் கொடுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

தொகுதி அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது மற்ற மனுக்களோடு சேர்ந்துவிடும். கேள்விகளைப் பதிவு செய்வது பெரும்பாலும் டெல்லி அலுவலகத்து உதவியாளர். அவருடைய மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். சில எம்.பி.க்களிடம் நாடாளுமன்ற ஆய்வு உதவியாளராக இளைஞர்கள் பயிற்சியில் இருப்பார்கள். அவர்கள் கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. அனுப்ப வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு, கேள்வி வரைவு, இரண்டு மூன்று ஆவண நகல்கள். அதற்கு மேல் வேண்டாம். நோயாளியின் பெயர், ஆதார் எண், மருத்துவ அறிக்கை எதையும் இணைக்காதீர்கள்.

செலவு என்று எதுவும் இல்லை. கேள்வி கேட்கக் கட்டணம் கிடையாது. யாராவது இடையில் நின்று பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். தகவல் உரிமை மனு, நகல், தபால் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

5. நாள் கணக்கு

வழக்கமாக ஆண்டில் மூன்று கூட்டத்தொடர்: ஜனவரி இறுதியில் தொடங்கும் பட்ஜெட் தொடர், ஜூலை வாக்கில் மழைக்காலத் தொடர், நவம்பர் அல்லது டிசம்பரில் குளிர்காலத் தொடர். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்களுக்குக் கிழமை பிரித்திருக்கிறார்கள். சமீபத்திய தொடர்களில் சுகாதாரத்துக்கு மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் செவ்வாய். ஒரு தொடரில் உங்களுக்குக் கிடைப்பது சில வெள்ளிக்கிழமைகள்தான். தொடர் தேதி அறிவித்ததும் எந்த நாளுக்குரிய கேள்வியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற அட்டவணை எம்.பி.க்களுக்குப் போய்விடும். அதற்குள் உங்கள் வரைவு அவர் கையில் இருக்க வேண்டும். அதாவது தொடர் தொடங்கும் என்று எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னால். தகவல் உரிமைப் பதிலுக்கு 30 நாள் தேவை என்பதைச் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கேள்வி கொடுத்தாலே இடம் கிடைத்துவிடாது. எது பட்டியலில் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி (அவையில் வாய்மொழிப் பதில்) 20, குறியிடாதது (எழுத்துப் பதில்) 230. மாநிலங்களவையில் முறையே 15, 160. இதனால்தான் பல எம்.பி.க்களிடம் கொடுக்கச் சொன்னேன். குலுக்கலில் விழாத கேள்வி அந்த நாளோடு காலாவதியாகும். அடுத்த வாரத்துக்குத் திரும்பக் கொடுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள்.

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், எம்.பி. துணைக் கேள்வி கேட்கலாம். கவர்ச்சியான வழிதான். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றுதான் கிடைக்கும், அதிலும் நேரம் முடிவதற்குள் சில கேள்விகளே எட்டப்படும். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் குறியிடாத கேள்வியே போதும் என்பது என் கருத்து. அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

6. பதிலைப் படியுங்கள்

பதில் அதே நாளில் சன்சத் தளத்தில் ஏறும். இணைப்பு அட்டவணைகளோடு இறக்கி வையுங்கள். கேள்விப் பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று சேர்த்துக் கட்டி, திட்டத்தின் பெருமையை மூன்று பத்தி எழுதி, காலக்கெடுவைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பதில் இல்லாத பிரிவைக் குறித்து எம்.பி. அலுவலகத்துக்கு அன்றே எழுதுங்கள்.

பதிலில் உள்ள எண் உங்கள் ஆவணத்தோடு முரண்பட்டால், மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டு விதி 115 இருக்கிறது. அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையைச் சுட்டி எம்.பி. சபாநாயகருக்கு எழுதலாம், அமைச்சரிடம் விளக்கம் கேட்கப்படும். உங்கள் தகவல் உரிமை ஆவணம் இங்கேதான் பயன்படும். பிழை இல்லை, ஆனால் பதில் போதவில்லை என்றால் மக்களவை விதி 55இன்படி அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னதாக விளக்கக் குறிப்போடு தர வேண்டும். உரிமை மீறலுக்கு உடனே தாவ வேண்டாம். தெரிந்தே தவறாகச் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும், அது எளிதில் முடியாது.

7. உறுதிமொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரிகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். எனக்கு அவை நல்ல செய்தி. இந்த வகைச் சொற்களை நாடாளுமன்ற நடைமுறை உறுதிமொழியாகக் கணக்கெடுக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அறிக்கை வைக்க வேண்டும். இரு அவைகளிலும் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தாமதமானால் அமைச்சகச் செயலாளரை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்கலாம், உறுதிமொழியையே கைவிடும்படியும் கேட்கலாம். யாரும் கவனிக்காவிட்டால் அந்தக் கோரிக்கை எதிர்ப்பில்லாமல் போய்விடும். அதனால் பதில் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டியதும் கேள்வி எண், தேதி, அந்த வரி மூன்றையும் எழுதி எம்.பி. வழியாக உறுதிமொழிக் குழுவின் தலைவருக்கு அனுப்புங்கள். அடுத்த தொடரில் அதே எம்.பி., ‘இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்குத் தந்த உறுதிமொழி எந்த நிலையில் உள்ளது’ என்று புதிய கேள்வி கொடுக்கட்டும்.